வ்லி அருவிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

கானாவின் தலைநகர் அக்ராவுக்கு வேலை விஷயமாக வந்து சேரும் நம்மவர்கள், முதல் நீண்ட விடுமுறை கண்ணில் பட்டதும் கேட்பது இதைத்தான்: “வ்லி அருவிக்கு எப்படிப் போறது? காலையில கிளம்பி ராத்திரிக்குள்ள திரும்பிடலாமா?”

திரும்பிவிடலாம். ஆனால் தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம், நடுவில் அருவிக்கு முன்னால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் உச்சி வெயிலில், கூட்டத்துக்கு நடுவில். நான் முதல் முறை அப்படித்தான் போனேன். அருவியைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அடுத்த முறை ஊரிலேயே ஓர் இரவு தங்கி, விடியற்காலையில் நடந்து போனபோதுதான் வ்லி என்ன என்று தெரிந்தது. அந்த இரண்டாவது பயணத்தை நீங்கள் முதல் தடவையிலேயே செய்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இடமும் பெயரும்

கானாவின் கிழக்கு ஓரம், வோல்ட்டா பிராந்தியம். ஹோஹோய் என்ற நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, டோகோ நாட்டு எல்லையை ஒட்டிய மலையடிவாரத்தில் வ்லி இருக்கிறது. ஆங்கில எழுத்துகளில் பார்த்தால் எப்படி வாசிப்பது என்று குழம்பும். ‘வ்லி’ என்று தமிழில் எழுதியிருப்பதை அப்படியே சொல்லுங்கள், உள்ளூர்க்காரர்களுக்குப் புரியும்.

இது எவே மொழி பேசும் மக்களின் ஊர். அவர்கள் இந்த ஆற்றை அகுமாட்சா என்கிறார்கள். ‘என்னை ஓட விடு’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அக்ராவுக்கு வடக்கே தொடங்கும் அக்வாப்பிம் குன்றுகள் வடகிழக்காக நீண்டு, டோகோவைத் தாண்டி, பெனின் நாட்டில் அட்டகோரா மலைகளாக முடிகின்றன. அந்தத் தொடரின் ஒரு செங்குத்தான விளிம்பிலிருந்துதான் அகுமாட்சா இரண்டு கட்டமாக விழுகிறது. மேலே ஒரு அருவி, கீழே ஒரு அருவி. கீழருவி மட்டுமே ஏறத்தாழ இருபது மாடிக் கட்டடத்தின் உயரம் இருக்கும்.

‘மேற்கு ஆப்பிரிக்காவிலேயே உயரமானது’ என்று சுற்றுலாத் தாள்களில் எல்லாம் போட்டிருப்பார்கள். நைஜீரியாவில் ஓவு அருவிக்கும் அதே பட்டத்தைத்தான் சொல்கிறார்கள். அந்தப் போட்டி எப்படியும் போகட்டும். அருவிக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்க்கும்போது அந்தக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வராது.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. இந்தப் பகுதி முதல் உலகப் போர் வரை ஜெர்மானியர்களின் டோகோலாந்தில் இருந்தது. பிறகு ஆங்கிலேயர் பொறுப்பில் வந்தது. 1956-ல் வாக்கெடுப்பு நடத்தி, 1957-ல் கானா விடுதலை பெற்றபோது அதனுடன் சேர்ந்தது. எவே மக்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு, இந்தப் பக்கம் மாமா வீடு என்று பேசுவதைக் கேட்பீர்கள்.

புறப்படும் முன்

ஊரிலிருந்து நேராக வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ஊசி போட்டதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் ஊசி போட்டிருக்க வேண்டும். 2016-லிருந்து ஒரே ஊசி வாழ்நாள் முழுதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா நாளும் போடமாட்டார்கள் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். அட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். ஏனென்றால் திரும்பி வரும்போதும் கேட்பார்கள். கானாவிலிருந்து இந்தியாவுக்குள் வருகிறவரிடம் அந்த அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. இலங்கையிலும் அட்டையைக் கேட்பார்கள்.

அடுத்தது மலேரியா. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கானாவில் ஆண்டு முழுதும் மலேரியா உண்டு, அதிலும் ஆளைச் சாய்க்கும் ஃபால்சிபாரம் வகை. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால் மருத்துவரைப் பார்த்து உங்களுக்கு ஏற்ற தடுப்பு மாத்திரையைக் கேளுங்கள். ஊர் திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிடுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். திரும்பிய சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், கானா போயிருந்தேன் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

விசா முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். நேரடி விமானம் கிடையாது. துபாய் அல்லது ஆடிஸ் அபாபா வழியாக மாறி வருவது நம் பக்கத்திலிருந்து வசதி. மின்சாரம் 230 வோல்ட். நம் ஊர் மூன்று உருண்டைக் கம்பி பிளக் சில இடங்களில் நேராகவே பொருந்தும், சில இடங்களில் ஆங்கிலேயர் பாணிச் சதுரக் கம்பி பிளக் கேட்கும். ஒரு மாற்றி கையில் இருக்கட்டும்.

பணத்தை அக்ராவிலோ ஹோஹோயிலோ எடுத்துக்கொள்ளுங்கள். வ்லியில் ஏடிஎம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கானாவின் பணத்துக்குப் பெயர் ‘செடி’. உள்ளூரில் எல்லோரும் ‘மோமோ’ என்று அழைக்கும் கைபேசிப் பணத்தில்தான் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள். அக்ராவில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது இருக்கும். புதிதாக வருகிறவர்கள் சின்னச் சின்ன நோட்டுகளாக நிறைய வைத்திருங்கள். பெரிய நோட்டை நீட்டினால் சில்லறைக்காக ஊரெல்லாம் அலைய நேரும்.

எந்த மாதம்

அருவி வற்றுவதில்லை. ஆனால் முகம் மாறும். ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை மழைக்காலம். ஜூன் மாதமும் செப்டம்பர், அக்டோபரும் கனத்த மழை. அப்போது தண்ணீர் இடியாக விழும், ஆனால் மேலருவிக்குப் போகும் பாதை சேறாகிவிடும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சகாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்று வானத்தைத் தூசியால் மூடும். மலை வெளிறித் தெரியும், உதடு வெடிக்கும், தண்ணீரும் மெலிந்திருக்கும். நடப்பது சுலபம்.

என்னைக் கேட்டால் நவம்பர். மழை நின்று தண்ணீர் குறையாமல் இருக்கும், பாதையும் காயத் தொடங்கியிருக்கும். எந்த மாதமானாலும் வார நாளில் போங்கள். பொது விடுமுறைகளில் பேருந்து பேருந்தாகப் பள்ளிப் பிள்ளைகளும் தேவாலயக் குழுக்களும் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு அது கொண்டாட்டம், அதைக் குறை சொல்ல முடியாது. அமைதி வேண்டுமென்றால் நாம்தான் வேறு நாள் பார்க்க வேண்டும்.

அக்ராவிலிருந்து ஹோஹோய்

ஊர்ப் பெயரில் கவனம். ஹோ என்பது வேறு, ஹோஹோய் என்பது வேறு. ஹோ பிராந்தியத் தலைநகர். நமக்கு வேண்டியது ஹோஹோய். நிலையத்தின் இரைச்சலில் ‘ஹோ, ஹோ, ஹோ’ என்று கூவுகிறவரின் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. ஏறும் முன் ஓட்டுநரிடம் “ஹோஹோய்?” என்று ஒருமுறை கேளுங்கள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பயணியிடமும் கேளுங்கள்.

கானாவில் பகிர்வு வேனுக்கு ட்ரோட்ரோ என்று பெயர். ஹோஹோய் போகும் வண்டிகள் அக்ராவில் டுடு, மதினா நிலையங்களில் கிடைக்கும். கால அட்டவணை கிடையாது, ஆள் நிறைந்ததும் கிளம்பும். அதனால் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். பாதி நிறைந்த வண்டியாகப் பார்த்து ஏறினால் காத்திருப்பு குறையும். நடத்துநரை ‘மேட்’ என்பார்கள். பயணக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் பேரம் இல்லை. பெரிய பெட்டிக்குத் தனியாகக் கேட்பார்கள், அதைப் பேசிக் குறைக்கலாம். முழு வண்டியையும் உங்களுக்கே எடுத்தால் அதற்கு ‘ட்ராப்பிங்’ என்று பெயர். நான்கு பேர் சேர்ந்தால் அது கட்டுப்படியாகும்.

அக்ராவின் நெரிசல் முடிந்து ஷாய் குன்றுகள் வந்ததும் சாலையோரத்தில் பபூன் குரங்குகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பிறகு அட்டிம்போக்கு. இங்கேதான் 1957-ல் திறந்த அடோமி பாலம், வோல்ட்டா ஆற்றின் மேல் ஒரே இரும்பு வளைவாக நிற்கிறது. சற்று மேலே 1965-ல் கட்டி முடித்த அக்கோசொம்போ அணை.

அட்டிம்போக்குவில் வண்டி வேகம் குறைத்ததும் தலையில் தட்டு ஏந்திய பெண்கள் ஜன்னலைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒரு தட்டில் அபோலோ, சோள மாவைப் புளிக்கவைத்து இலையில் பொதிந்து வேகவைத்தது. இலையைப் பிரித்தால் ஆவியோடு லேசான இனிப்பு வாசனை வரும். இட்லிக்குக் கொஞ்சம் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தட்டில் நெத்திலியைவிடச் சின்ன ஆற்று மீன்கள், முறுகலாகப் பொரித்துக் குவித்திருக்கும். அதற்குப் பெயர் ‘ஒன் மேன் தவுசண்ட்’. ஒருத்தருக்கு ஆயிரம் மீன் என்ற கணக்கு. தாளில் கொட்டி, மேலே மிளகாய் வைத்துத் தருவார்கள். காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு இதற்காகக் காத்திருக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அபோலோவும் வாழைப்பழமும்.

தண்ணீர் அரை லிட்டர் பிளாஸ்டிக் பையில் வரும். ‘ப்யூர் வாட்டர்’ என்று கேளுங்கள், மூலையைப் பல்லால் கிழித்துக் குடியுங்கள். காலிப் பையை ஜன்னல் வழியே வீசாதீர்கள், உங்கள் பைக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள்.

பாலம் தாண்டி அசிகுமா சந்திப்பில் வண்டி ஹோ பாதையை விட்டுப் பிரிந்து, க்பேவே, கோலோக்வாட்டி வழியாக மலைகளை ஒட்டி ஏறும். இங்கிருந்து நிலம் பச்சையாகிக்கொண்டே போகும்.

ஹோஹோயிலிருந்து வ்லி

ஹோஹோயில் இறங்கியதும் மூன்று வேலைகளை முடியுங்கள்: பணம் எடுப்பது, தேவையான மருந்தும் பழமும் வாங்குவது, மாலைக்குள் வ்லிக்கு வண்டி பிடிப்பது. பகிர்வு டாக்சியும் ட்ரோட்ரோவும் போகும், ஆனால் இருட்டிய பிறகு கிடைப்பது கடினம். ‘ஒகாடா’ என்ற மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள். தலைக்கவசம் தராவிட்டால் ஏறாதீர்கள். கானாவில் ஆண்டு முழுதும் மாலை ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். மூன்று, நான்கு மணிக்குள் ஊருக்குள் இருப்பதுபோல் திட்டமிடுங்கள்.

ஊரில் சிறிய தங்கும் விடுதிகள் உண்டு. அறையைப் பார்க்கும்போது இரண்டே கேள்வி போதும்: கொசுவலை இருக்கிறதா, அதில் ஓட்டை இருக்கிறதா. முற்றத்திலிருந்தே அருவி தெரியும் இடமாகக் கேட்டால் கிடைக்கும். அந்தி நேரத்தில் அங்கே உட்கார்ந்து மலையைப் பாருங்கள். பாறையிலிருந்து கரும்புகைபோல ஏதோ கிளம்பி வானத்தில் பரவும். வௌவால்கள். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊருக்குள் எப்படி நடந்துகொள்வது என்பதும் வழிகாட்டியில் சேர்த்தி. எதையும் கேட்கும் முன் வணக்கம் சொல்ல வேண்டும். நேராக “அருவி எங்கே?” என்று தொடங்கினால் முகம் சுருங்கும். கூட்டமாக உட்கார்ந்திருந்தால் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லுங்கள். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எவே மொழியில் ‘வேஸோ’ என்றால் வாங்க என்று பொருள். அதற்கு ‘யோ’ என்று இழுத்துப் பதில் சொன்னால் போதும். நன்றிக்கு ‘அக்பே’. தயவுசெய்து என்பதற்கு ‘மெடே குகு’. இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஊர் உங்களிடம் பேசும் விதமே மாறிவிடும். குழந்தைகள் ‘யெவு, யெவு’ என்று கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். வெள்ளைக்காரர் என்று பொருள். நம் நிறத்துக்கும் அதையே சொல்வார்கள், கேலி இல்லை. பதிலுக்குக் கையசைத்தால் நான்கு தெரு வரை கூடவே வருவார்கள்.

கீழருவி நடை

அருவிக்கான அலுவலகம் ஊரிலேயே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கட்டி, பதிவேட்டில் பெயர் எழுதி, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். கானாவில் வேலை அனுமதி அட்டை இருந்தால் காட்டிக் கேட்டுப் பாருங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். சாலையில் யாராவது குறுக்கே வந்து ‘நானே கூட்டிப்போகிறேன்’ என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள். நான் ஒரு முறை அப்படி ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அலுவலகத்தில் மறுபடியும் கட்டியிருக்கிறேன்.

முந்தின நாள் மாலையே அலுவலகத்துக்குப் போய், மறுநாள் விடியற்காலை வழிகாட்டி வேண்டும் என்று சொல்லி வைப்பதுதான் இந்தப் பயணத்தின் முக்கியமான வேலை. ஆறரை மணிக்கு நடக்கத் தொடங்கினால் அருவி உங்களுக்கே.

பாதை சமதளம். முக்கால் மணி நேர நடை. அகுமாட்சா ஓடை குறுக்கும் மறுக்குமாக ஓடுவதால் அடுத்தடுத்துச் சிறு பாலங்கள் வரும். வழியில் கோக்கோ மரங்கள். கோக்கோ காய் கிளை நுனியில் தொங்காது, பலாவைப்போல மரத்தின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வழிகாட்டி ஒரு பழுத்த காயை உடைத்துக் கொடுத்தால், உள்ளே கொட்டையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையை மட்டும் சப்புங்கள். இனிப்பும் புளிப்புமாக நன்றாக இருக்கும், சாக்லேட் வாசனை துளியும் இருக்காது. கொட்டையைக் கடித்துவிடாதீர்கள், கசக்கும். கேட்காமல் எந்தக் காயையும் பறிக்காதீர்கள். காட்டுக்குள் இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் சொந்தக்காரர் உண்டு.

பட்டாம்பூச்சிகள் வேண்டிய மட்டும். ஓடை ஈரமண்ணில் பத்து இருபதாக உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். சத்தமில்லாமல் குனிந்தால் பறக்காது. கடைசிப் பாலத்துக்கு முன்பே காற்றில் குளிர் தெரியும். அப்புறம் மரங்கள் விலகும்.

மூன்று பக்கமும் பாறைச் சுவர், குதிரை லாடம்போல. நடுவில் வெள்ளைத் தண்ணீர். விழுகிற வேகத்தில் அதுவே ஒரு காற்றை உண்டாக்கி, நீர்த்தூளை நம் முகத்தில் அடிக்கும். ஐம்பது அடி தள்ளி நின்றாலும் நனைவீர்கள். கைபேசிக்கு நல்ல பிளாஸ்டிக் உறை வேண்டும் என்பது இதற்காகத்தான்.

குளிக்கலாமா

குளிக்கலாம். அருவி என்றதும் நேராகக் கீழே போய்த் தலையைக் கொடுத்து நிற்பதுதான் நம் பழக்கம். இங்கே அது வேண்டவே வேண்டாம். இந்த உயரத்திலிருந்து தண்ணீரோடு கல்லும் கட்டையும் வரும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். குளம் பெரும்பகுதி இடுப்பளவுதான். ஆனால் அடியில் கற்கள், வேகமும் உண்டு. உள்ளே போகப் போகக் காற்று முகத்தில் அறைந்து மூச்சுத் திணறும். ஊர்ப் பையன்கள் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்து உள்ளே போவார்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காமல் மூச்சு விடுவதற்கு. வழிகாட்டி ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்லும் இடத்தில் நின்றுவிடுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியுமாக மிதந்து வந்தாலோ மேலே மழை பெய்கிறது என்று அர்த்தம். உடனே கரையேறுங்கள்.

போகிற வழியில் வோல்ட்டா ஏரியின் தேங்கிய ஓரங்களில் கால் நனைக்க ஆசைப்படாதீர்கள். அணை கட்டிய பிறகு அங்கே நத்தைகள் மூலம் பரவும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி பெருகிவிட்டது. தோல் வழியாகவே உடம்புக்குள் புகும்.

வௌவால்கள்

அருவியின் இரு பக்கப் பாறையிலும் கறுப்புத் திட்டுகள் தெரியும். முதலில் பாசி என்று நினைப்பீர்கள். உற்றுப் பார்த்தால் திட்டு அசையும். வைக்கோல் நிறக் கழுத்துள்ள பழந்தின்னி வௌவால்கள், ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன. சிறகு விரித்தால் முக்கால் மீட்டர். இரவில் வெகுதூரம் பறந்து பழம் தின்று, விதைகளைக் காடெங்கும் போட்டுவிட்டு வருகின்றன. வெட்டிய காடு மறுபடி முளைப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. நெடுந்தூரம் இடம்பெயரும் இனம் என்பதால் எண்ணிக்கை பருவத்துக்குப் பருவம் மாறும். ஆப்பிரிக்கா முழுதும் இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு இவை குறைந்து வருகின்றன. இங்கே அகுமாட்சா வனவிலங்குச் சரணாலயம் இவற்றுக்கு இடம் கொடுக்கிறது.

சில வழிகாட்டிகள் பயணிகளை மகிழ்விக்கக் கைதட்டி, கூச்சலிட்டு வௌவால்களைக் கிளப்புவார்கள். பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரவெல்லாம் பறந்துவிட்டு வந்து தூங்குகிற உயிர் அது, அதன் வயிற்றில் குட்டி தொங்கிக்கொண்டிருக்கலாம். “வேண்டாம், சும்மா பார்க்கிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கைதட்டாமலேயே அவை பறப்பதைப் பார்க்க அந்தியில் விடுதி முற்றம் இருக்கிறது. கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடாதீர்கள், பாறைக்கு நேர் அடியில் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நிற்காதீர்கள். இது நோய் எச்சரிக்கை.

ட்ரோன் கொண்டுவர நினைத்தால் கானாவின் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவும் அனுமதியும் வேண்டும். அனுமதி இருந்தாலும் வௌவால்கள் இருக்கும் பாறை அருகே பறக்கவிடாதீர்கள்.

மேலருவி யாருக்கு

கீழருவிக்குப் பாட்டியையும் பேரனையும் கூட்டிப் போகலாம். மேலருவி அப்படி இல்லை. போக மட்டும் இரண்டு மணி நேரம், செங்குத்தான ஏற்றம். வேரைப் பிடித்து, மண்ணில் கால் ஊன்றிப் போக வேண்டிய இடங்கள் வரும். இறங்குவது ஏறுவதைவிடக் கடினம், முழங்கால் சொல்லும். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். பிடிப்புள்ள காலணி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வழிகாட்டி வெட்டித் தரும் கம்பு. இவை இல்லாமல் கிளம்ப வேண்டாம். காலை ஏழு மணிக்குள் தொடங்கினால் மதியத்துக்குள் கீழே வந்துவிடலாம்.

பாதி மலையில் ஒரு திருப்பத்தில் கீழருவியின் முழு உருவமும், ஊரின் தகரக் கூரைகளும், ஹோஹோய்ப் பக்கச் சமவெளியும் ஒன்றாகத் தெரியும். முடியாதவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிடலாம், அதுவே நிறைவான இடம். மலைமேடு டோகோ எல்லையை ஒட்டியது. வழிகாட்டியை விட்டுத் தனியாக அலைந்து எல்லை தாண்டிவிடாதீர்கள். எல்லைச் சாவடியையும் சீருடைக்காரர்களையும் படம் எடுக்காதீர்கள்.

சாப்பாடு

ஊர் உணவகத்துக்கு ‘சாப் பார்’ என்று பெயர். முன்கூட்டிச் சொன்னால்தான் சமைப்பார்கள், அதனால் நடக்கப் போகும் முன்பே மதியச் சாப்பாட்டைச் சொல்லிவிட்டுப் போங்கள். எவே வீடுகளின் சோறு என்றால் அக்ப்ளே, சோள மாவில் கிண்டிய களி. அதற்கு வெண்டைக்காய்ச் சாறு. களியும் வெண்டையும் பழகிய நமக்கு இது சுலபமாக இறங்கும். மதியம் எல்லா வீட்டிலும் உலக்கைச் சத்தம் கேட்டால் அது ஃபுஃபு, மரவள்ளியும் வாழைக்காயும் சேர்த்து இடித்தது. அதை மெல்லக் கூடாது, சாற்றில் தோய்த்து விழுங்க வேண்டும்.

சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் மீன் போட்டுத் தருவார்கள், மீன் அவர்கள் கணக்கில் இறைச்சி இல்லை. ஷித்தோ என்ற கறுப்பு மிளகாய் விழுதிலும் கருவாட்டுத் தூள் உண்டு. ‘இறைச்சி, மீன், இறால், கருவாடு எதுவும் வேண்டாம்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ‘ரெட் ரெட்’ கேளுங்கள். செம்பனை எண்ணெயில் வேகவைத்த காராமணியும் பொரித்த பழுத்த வாழையும். மீன் சேர்க்காமல் செய்யச் சொன்னால், மலை ஏறி இறங்கிய பசிக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை.

இன்னொரு நாள் இருந்தால்

லியாட்டே வோட்டே ஊருக்குப் போங்கள். கானாவின் உயரமான சிகரம் அஃபாஜாட்டோ, 885 மீட்டர், அங்கிருந்துதான் ஏற வேண்டும். பக்கத்திலேயே டாக்போ அருவி, கூட்டமே இல்லாமல் காட்டுக்குள் இருக்கிறது. குழந்தைகள் கூட இருந்தால் டாஃபி அட்டோமே. அந்த ஊர்க்காரர்கள் மோனா குரங்குகளைப் புனிதமாகக் காக்கிறார்கள்.

திரும்பும் வழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி தேடாதீர்கள். ஊரே தேவாலயத்தில் இருக்கும், ட்ரோட்ரோ நிறைய மதியம் ஆகிவிடும். திங்கள்கிழமை அக்ராவில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் சனிக்கிழமை மாலையே ஹோஹோய் வந்துவிடுவது உத்தமம். இல்லையென்றால் முந்தின நாளே ஒரு டாக்சிக்காரரிடம் நேரம் சொல்லி, அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்குத் தனியாகக் கொஞ்சம் கொடுங்கள், வலது கையால், நேராக அவர் கையிலேயே. நனைந்த துணியைத் தனிப் பையில் கட்டிக்கொள்ளுங்கள். அட்டிம்போக்குவில் வண்டி நிற்கும்போது வீட்டுக்கும் இரண்டு பொட்டலம் அபோலோ வாங்குங்கள், அன்று இரவே சாப்பிட்டுவிட வேண்டும். மறுநாள் இறுகிவிடும்.